இஷ்ரத் தன் காதால் கேட்டது

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று சொல்லிவிட்டால் இஷ்ரத் ஒருமுறைகூடப் போகாமல் இருந்தது கிடையாது. காய்ச்சலோடு போயிருக்கிறாள். நோன்பு வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில், கல்லங்குறிச்சி ரோட்டில் நடந்தே போயிருக்கிறாள். ஆனால் அங்கே டீச்சர்கள் பேசுகிற தமிழ் அவளுக்குப் புரியாது. கூடவே பிள்ளைகளில் ஒன்று நின்று அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்லும். இவள் தலையாட்டிவிட்டு, டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவாள்.

இஷ்ரத்துக்குப் பீகாரில் கட்டிஹார் பக்கம். கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர், இவள் நாலாவது. மூத்தவள் ஜமீலாவை உள்ளூரிலேயே கொடுத்திருக்கிறார்கள். இவளை முஸ்தகீமுக்குக் கொடுத்தார்கள். அவர் இவளுடைய தகப்பனாரின் அத்தை பேரன். முறை என்று பார்த்தால் நம்மைப் போலத்தான், சொந்தத்துக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல். முஸ்தகீம் அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றில் மூட்டை ஏற்றுகிற காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். மற்ற ஆட்கள் எல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இஷ்ரத் மட்டும் ஒற்றைக்காலில் நின்று கூடவே வந்தாள். அங்கே அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருவதே அபூர்வமாம். தமிழ்நாட்டில் தினமும் மணி அடிக்கிறார்கள், சோறும் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு பேச்சை நம்பி ஏழு வயது மகனையும் மூன்று வயது மகளையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள். அது ஆச்சு பதின்மூன்று வருஷம்.

குடிவந்தது என் சித்தப்பா மகள் ரெங்கம்மாள் வீட்டின் பின்பக்கம், இரண்டு அறை. ரெங்கம்மாளுக்கு வாய் சும்மா இராது. மூன்று வயதுப் பெண் தன் அண்ணனைப் ‘பாய்’ என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, “ஏழு வயசுப் பொடியன் பாயா? அப்ப உங்கப்பன என்னன்னு கூப்புடுறது, பெரிய பாயா?” என்று சிரித்தாள். அவர்கள் பாஷையில் அண்ணனுக்கு அதுதான் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

மகன் பெயர் அப்ரோஸ். மகள் பெயர் தரன்னும். பாட்டு, இசை என்று அதற்கு அர்த்தமாம். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அது ‘தரணும்’ என்று ஏறிவிட்டது. பிள்ளைகள் விடுமா? “தரணும்னா என்னடி தரணும்? நாங்க ஒண்ணும் வாங்கலியே!” என்று ஓட்டும். அதுவும் சளைக்காமல், “உங்களுக்கு நாலு அறை தரணும்” என்று திருப்பிக் கொடுக்கும். இரண்டு வருஷத்தில் தமிழ் அதன் நாக்கில் அப்படி உட்கார்ந்துவிட்டது.

இஷ்ரத்துக்குக் கடைத் தமிழ் வந்தது. வேணும், வேணாம், எவ்வளவு, தண்ணி வந்துச்சா. ரெங்கம்மாள் நிறுத்தி நிறுத்திப் பேசினால் புரிந்துகொள்வாள். மற்றபடி வீட்டோடு இருந்து, அக்கம்பக்கத்தார் கொடுக்கிற பழைய புடவைகளை நாலைந்து அடுக்காக வைத்துத் தைத்து விரிப்பு ஆக்கிக் கொடுப்பாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவள் பிள்ளைகளை எப்படிப் படிக்கவைத்தாள் என்று கேட்டால், அது ஒரு கதை. சிறு வயதில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்டவள் அவள். அர்த்தம் தெரியாது, ஆனால் ஓர் எழுத்து நழுவினால் காது கண்டுபிடித்துவிடும். அந்தக் காதைத்தான் தமிழுக்கும் வைத்தாள். சாயங்காலம் தைத்துக்கொண்டே, “சத்தமா” என்பாள். பிள்ளைகள் மனப்பாடப் பாட்டை ஒப்பிக்கவேண்டும். முதல் நாள் கேட்ட ஓசை அவள் மனதில் அப்படியே இருக்கும். ஒரு வரி விட்டுப்போனால் ஊசியை நிறுத்திவிட்டுத் தரையைத் தட்டுவாள். “நடுவுல ஏதோ காணோம்.” புத்தகத்தைப் பார்த்தால் காணாமல்தான் போயிருக்கும். ரெங்கம்மாள் தன் பேரன் தமிழழகனையும் அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாள். “எங்க வாத்தியாருக்குக்கூட இப்புடிக் காது இல்லடி” என்பாள்.

கூட்டத்துக்குப் போவதற்கும் இஷ்ரத் ஒரு விதி வைத்திருந்தாள். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே எடுத்துச் சொன்னால் பிள்ளை பொய் கலந்துவிடும். அதனால் அப்ரோஸின் கூட்டத்தில் தரன்னும் எடுத்துச் சொல்லவேண்டும். தரன்னும் கூட்டத்தில் அப்ரோஸ். யாருக்குக் கூட்டமோ அந்தப் பிள்ளை வெளியே வராந்தாவில் நிற்கவேண்டும். பெண் அண்ணனைப் பற்றி ஒளிக்காமல் சொன்னாள். ‘இங்கிலீஷில் தூங்குகிறானாம்’ என்று டீச்சர் சொன்னால் அதைத்தான் சொன்னாள். அதற்காக அவன் வீட்டுக்கு வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்ததும் உண்டு.

பன்னிரண்டாவது எப்படியோ தேறிய அப்ரோஸைப் பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குவான். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கும். மகன் இன்ஜினியர் ஆகிவிட்டான் என்றே இஷ்ரத் நினைத்துக்கொண்டாள்.

சென்ற வருஷம் தை மாதம் தரன்னும் பத்தாவது. அறிவியல் கண்காட்சி ஒன்றுக்காக அவள் வகுப்பைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போனார்கள். பகல் பதினோரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், செல்போன் பழுது பார்க்கிற கடை ஒன்றில், அப்ரோஸ் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். கழுத்தில் அட்டை இல்லை. கடைக்காரர் அவனை, “தம்பி, அந்தச் சார்ஜர எடு” என்று ஏவுவதையும் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே அண்ணனைக் கொல்லைக்கு அழைத்துக் கேட்டாள். காலேஜ் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று ஒப்புக்கொண்டான். அவர்கள் பேசியது அவர்கள் பாஷை. பிற்பாடு அந்தப் பெண் ரெங்கம்மாளிடம் தமிழில் சொன்னபடி சொல்கிறேன். அம்மி என்றால் அவர்களுக்கு அம்மா.

“வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே அம்மிகிட்ட சொல்லிடு பாய். இல்லாட்டி நான் சொல்லிடுவேன்.”

“சரி, சொல்றேன். நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு.”

நடுவில் புதன்கிழமை தரன்னும் வகுப்புக்குப் பெற்றோர் கூட்டம் வந்தது. விதிப்படி அப்ரோஸ்தான் கூடப் போனான். தரன்னும் வராந்தாவில் நின்றாள்.

வகுப்பு டீச்சர் புஷ்பவல்லி. நம் கொளஞ்சியின் மருமகள். கொளஞ்சி எனக்கு மாமன் மகள். புஷ்பவல்லிக்கு ஒரு பழக்கம் உண்டு. பாராட்டினாலும் திட்டுகிற மாதிரி விரலை ஆட்டித்தான் பேசுவாள், அதுவும் மூச்சு விடாமல்.

“தரன்னும் ரொம்ப உஷாரான பொண்ணுங்க. கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பத்தாவது முடிஞ்ச கையோட கல்யாணம் கில்யாணம்னு கெளம்பிடாதீங்க. இப்பவே சொல்லிட்டேன்!” என்றாள், விரலை ஆட்டி.

இஷ்ரத் காதில் இரண்டு சொல் சரியாக விழுந்தன. உஷார், கல்யாணம். உஷார் என்பது அவர்கள் பாஷையிலிருந்து நம்மிடம் வந்த சொல்தானாம். அங்கேயும் கெட்டிக்காரிக்கும் அதுதான், ஜாக்கிரதைக்கும் அதுதான். கல்யாணம் இத்தனை வருஷத்தில் நாலைந்து சாப்பிட்ட சொல். இன்னொன்று இருக்கிறது. அவர்கள் பாஷையில் ‘கூடாது’ என்பதற்குத் தனியாக ஒரு சொல் வந்து முன்னால் நின்றுவிடும். நாம் அதைச் சொல்லின் வாலுக்குள் சுருட்டி வைத்துவிடுகிறோம். ‘கெளம்பிடுங்க’, ‘கெளம்பிடாதீங்க’ இரண்டும் வேகமாகச் சொன்னால் புதிதாய்க் கேட்கிற காதுக்கு ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்த ‘வேணாம்’ அதில் இல்லை.

அவள் மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்.

“அம்மி, பொண்ணு விஷயத்துல உஷாரா இருக்கச் சொல்றாங்க. காம்பவுண்டுக்கு வெளில எவனோடயோ நின்னு பேசுறாளாம். சீக்கிரம் கல்யாணத்தப் பண்ணி அனுப்பிடுங்கனு சொல்றாங்க.”

“என்னப்பா, நான் சொன்னத அப்புடியே சொன்னியா?” என்று புஷ்பவல்லி கேட்டாள்.

“சொல்லிட்டேன் டீச்சர்.”

இஷ்ரத் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. மகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதற்கு ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் புஷ்பவல்லி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். “அழாதீங்கம்மா, நல்லா வருவா.” இஷ்ரத் தனக்குத் தெரிந்த தமிழில், “நன்றி டீச்சர், ரொம்ப நன்றி” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்ரோஸ் வாய் திறக்கவில்லை. தரன்னும் தாயிடம் போய், “பாய் காலேஜுக்கே போறதில்ல அம்மி, கடையில உக்காந்திருக்காரு” என்றாள். இஷ்ரத் கையை ஓங்கி அறைந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெண்ணை அவள் அடித்தது அதுதான் முதல்.

“உன் தப்ப மறைக்க உங்கண்ணன் மேல பழி போடுறியா?”

“என்ன தப்பு?”

“உங்க டீச்சரக் கேளு.”

“வா, ரெண்டு பேரும் போய்க் கேப்போம். இப்பவே வா.”

“நான் ஏன் கேக்கணும்? என் ரெண்டு காதாலயும் கேட்டுட்டேன்.”

அதற்கு மேல் ஒரு சொல் பேசவிடவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் விடவில்லை, வாசலுக்கும் விடவில்லை. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று ரெங்கம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா ஜமீலாவுக்கு உடம்பு முடியவில்லை, துணைக்கு அனுப்புகிறேன் என்றாள். அடுத்த வாரம் முஸ்தகீம் லீவு போட்டு, மகளைக் கட்டிஹாருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் அப்ரோஸ். ரயில் வருகிற வரைக்கும் அவனுக்கு நேரம் இருந்தது. தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பதிவேட்டில் இருந்தது அப்ரோஸின் நம்பர்; வீட்டில் தமிழ் பேசுகிற பெரியவன் அவன்தானே. தங்கைக்கு மஞ்சள் காமாலை, படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டான்.

பங்குனியில் புஷ்பவல்லி ஹால் டிக்கெட்டையும் இரண்டு இளநீரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். ரெங்கம்மாள் வாசலில் புளி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“தரன்னும் எப்புடி இருக்கா? காமாலை எறங்கிடுச்சா?”

“காமாலையா? அந்தப் புள்ள பீகாருக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது டீச்சர்!”

“பரீட்சைய வச்சிக்கிட்டா?”

பேச்சுச் சத்தம் கேட்டு இஷ்ரத் வந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குற்றம் செய்தவள் போல நின்றாள். பிறகு தன் தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “டீச்சர்... நீங்க சொன்னது. உஷார். கல்யாணம். நான் அனுப்பிட்டேன்.”

“நான் எங்கம்மா அனுப்பச் சொன்னேன்? கல்யாணம் கில்யாணம்னு கெளம்பிடாதீங்கன்னுல்ல சொன்னேன்!”

“இப்புடி ரயிலு வேகத்துல சொன்னா அவளுக்கு எங்க வெளங்கும்? தள்ளு, நான் சொல்றேன்” என்று ரெங்கம்மாள் நடுவில் வந்தாள். இஷ்ரத்தின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். “இங்க பாரு இசரத்து. டீச்சர் சொன்னாங்க. தரன்னும் நல்ல புள்ள. மூளை” என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள். “படிப்பு வேணும். கல்யாணம் வேணாம். வே-ணாம்.”

“பையன்?” என்றாள் இஷ்ரத். “வெளில... பையன்?”

“எந்தப் பையன்?” என்று புஷ்பவல்லி சிரிக்கப் போனவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “அப்புடி ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்லம்மா.”

இஷ்ரத் புளிக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரெங்கம்மாள் புளியை நகர்த்தக்கூட இல்லை.

அன்று ஆறு மணி பஸ்ஸில் இறங்கி வந்த அப்ரோஸை இஷ்ரத் வாசலிலேயே நிறுத்தினாள். பாஷை புரியாவிட்டாலும் ரெங்கம்மாளுக்கு எல்லாம் புரிந்தது.

“சும்மாதான் சொன்னேன் அம்மி. ரெண்டு நாள் அவ வாய மூடிக்கிட்டுக் கெடக்கட்டும்னு. நீ டிக்கெட் எடுப்பேன்னு எனக்கு என்ன தெரியும்?”

“டிக்கெட் எடுத்தப்ப சொன்னியா? பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனியே, அப்ப சொன்னியா?”

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். பிறகு நிமிர்ந்து, “நான் சொன்னேன், நீ நம்பினே. ஒரு தடவையாவது அவள உக்காரவச்சிக் கேட்டியா?” என்றான்.

பிற்பாடு இஷ்ரத் ரெங்கம்மாளிடம் அழுதது இந்தச் சொல்லுக்குத்தான். பொய் சொன்னதைக்கூட அவள் அத்தனை முறை சொல்லவில்லை. தன் வாயாக ஒருத்தனை வைத்திருந்தாள். அந்த வாயே திரும்பி, குற்றம் உன் காதில் என்று சொல்லிவிட்டது.

முஸ்தகீம் ஷிஃப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டார். அடிக்கவில்லை. மகன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, ரெங்கம்மாளின் பேரன் தமிழழகனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அது செல்லுபடியாகிற தேதி முடிந்தே பல மாதம் ஆகியிருந்தது. இத்தனை நாள் கண்ணெதிரே தொங்கியதை அவர்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவளை அவர்களே ரயில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

கட்டிஹாருக்குப் போன் போட்டார்கள். தரன்னும் போனை வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். ஜமீலா வேறு, துணிக்கடைக்காரர் மகன் ஒருத்தனைப் பேசி முக்கால்வாசி முடிந்தது, ஈத் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். இஷ்ரத் அன்றே கிளம்பினாள். வந்ததிலிருந்து தனியாகப் பெரம்பலூருக்குக்கூடப் போகாதவள், ஹால் டிக்கெட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு தன்னந்தனியே போனாள். டிக்கெட் உடனே கிடைக்காமல் சென்னையில் ஒன்றரை நாள் ஸ்டேஷனிலேயே கிடந்தாள். பிறகு இரண்டு ராத்திரி ரயில். முதல் பரீட்சை அன்று அவள் ஒரிசாவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டு முற்றத்தில் தரன்னும் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தாயைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. தமிழில் கேட்டாள்.

“பரீட்சை ஆரம்பிச்சிருச்சா?”

ஜமீலாவுக்குப் புரியவில்லை. இஷ்ரத்துக்குப் புரிந்தது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் இஷ்ரத்தே போய்க் கும்பிட்டு இல்லை என்று சொன்னாள். ஜமீலா, இனிமேல் என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் இஷ்ரத் மகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தபடி, “நான் அன்னிக்கே சொன்னேன்ல, வா போய்க் கேப்போம்னு” என்று ஒரே ஒரு தடவை சொன்னதாம். அதையும் தமிழில்தான் சொன்னது. அன்று முதல் தாயிடம் பேசவேண்டியதைத் தமிழில்தான் பேசுகிறது. தகப்பனிடம் மட்டும் அவர்கள் பாஷை.

வந்துசேர்வதற்குள் பரீட்சையில் பாதி முடிந்துவிட்டது. மிச்சத்தை மட்டும் எழுதி என்ன ஆகப்போகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். புஷ்பவல்லி ஓடியாடி, எழுதாதவர்களுக்கு ஆனி மாதம் வைக்கிற துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிவைத்தாள். தரன்னும் ரெங்கம்மாள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து படித்தாள். இஷ்ரத் ஒருநாள் தையலை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “சத்தமா” என்றாள்.

“மனசுக்குள்ளயே படிச்சிக்கிறேன்” என்றாள் மகள்.

இஷ்ரத் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள். அவளால் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்த படிப்பு வேலை அது ஒன்றுதான்.

நல்ல மார்க். கணக்கில் நூற்றுக்கு ஒன்றே ஒன்று குறைவு. ஆனால் ஜூன் மாதமே சேர்ந்திருக்கவேண்டிய பெண் ஆடியில்தான் பதினொன்றில் சேரவேண்டியிருந்தது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே இடம் இருந்தது. தரன்னும் ஜெயங்கொண்டம்தான் வேண்டும் என்று நின்றாள். அங்கே பெண்களுக்கு அரசாங்க விடுதி இருக்கிறது. இஷ்ரத் கூடப் போனாள். அப்ரோஸ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போய்ப் பஸ் ஏறிவிட்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் காகிதங்களைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்.

“அரியலூர்தானே? தெனம் பஸ்ஸுல வந்துட்டுப் போலாமே. எதுக்கு ஹாஸ்டல்?”

“வூட்ல இருந்து படிக்க முடியாதுங்க மேடம்.”

“ஏன்?”

அவள் விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் இஷ்ரத்தைப் பார்த்தார். பிறகு பெண்ணிடம், “அம்மாவுக்குத் தமிழ் வராதா? நீ கேட்டுச் சொல்லு, அவங்களுக்குச் சம்மதமான்னு” என்றார்.

“அவங்களையே கேளுங்க மேடம்” என்று தரன்னும் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

இஷ்ரத் மேஜைக்குப் பக்கத்தில் போனாள். அவள் இதுவரை யாரும் நடுவில் இல்லாமல் ஒரு டீச்சர் முன்னால் நின்றதில்லை. ஹாஸ்டல் என்பது புரிந்தது. வீட்டில் முடியாது என்பதும் புரிந்தது. இப்போது வால் வரைக்கும் கேட்கிறாள் அவள்.

“ஹாஸ்டல்... போகட்டும்” என்றாள். “படிப்பு வேணும்.”

கையெழுத்து என்று இஷ்ரத் அவர்கள் எழுத்தில் நான்கு எழுத்து போடுவாள். அதைப் போட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெயங்கொண்டத்துக்கு டிபன் டப்பாவோடு பஸ் ஏறுகிறாள். தரன்னும் கேட்டுக்கு வந்து டப்பாவை வாங்கிக்கொள்ளும். போன வாரத்து டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும். “அப்பா எப்புடி இருக்காங்க?” என்று கேட்கும். அண்ணன் பேச்சை எடுக்காது, இவளும் எடுப்பதில்லை. அவன் வீட்டில்தான் இருக்கிறான், அந்தக் கடைக்குத்தான் போகிறான். சோறு போடுகிறாள். ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவனைக் கூப்பிடுவதில்லை. நாலு இடத்தில் தப்பாகப் பேசி, அரிசியைப் பரிசி என்று சொல்லி வாங்கி, தானே போய் வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டில் நின்று, “வூட்டுக்கு எப்ப வர்ற?” என்று கேட்டிருக்கிறாள்.

“பரீட்சை இருக்கு” என்றதாம் பெண். “நீங்க கெளம்புங்க, பஸ்ஸு போயிடும்.”

‘நீ’ என்று கூப்பிட்ட பெண் எப்போதிலிருந்து ‘நீங்க’ என்று சொல்ல ஆரம்பித்தது என்று ரெங்கம்மாளிடம் கேட்டாள் இஷ்ரத். அது மரியாதைதானே என்று ரெங்கம்மாள் சமாதானம் சொன்னாள். இல்லை அக்கா, எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்து வைக்கப் பின்பக்கம் போய்விட்டாள்.